சத்து டப்பா வாங்குவதற்கு முன்

கீமோ தொடங்கப்போகிறது என்று உறவினர்களுக்குத் தெரிந்த வாரத்திலேயே வீட்டு அலமாரி நிரம்பிவிடும். சித்தப்பா புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வருவார். பக்கத்து வீட்டில் முள்சீத்தா இலையை நிழலில் காயவைத்துப் பொடித்துக் கொடுப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து மஞ்சள் கேப்ஸ்யூல் வரும். கருஞ்சீரக எண்ணெய், கோதுமைப்புல் பொடி, பேர் வாயில் நுழையாத ஒரு 'இம்யூனிட்டி' மாத்திரை என்று வரிசை நீளும். எல்லாம் அன்பினால் வருபவைதான். ஆனால் சிகிச்சை நடக்கும் மாதங்களில் உடம்புக்குள் எது போகலாம் என்பதை அன்பை வைத்து முடிவு செய்ய முடியாது.

இந்த அத்தியாயத்தின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக் காலத்தில் துணைச்சத்துக்கு ஒரே வேலைதான் உண்டு: குறித்த தேதியில், குறித்த அளவில் சிகிச்சை முடியும்வரை உடம்பைத் தாங்கிப்பிடிப்பது. கட்டியைக் கரைப்பதும், எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதும் அதனால் ஆகிற காரியம் இல்லை. இந்தக் கணக்கில் பார்த்தால், காசு முதலில் போக வேண்டிய இடம் சமையலறை. அது போதாதபோது மருத்துவமனை டயட்டீஷியன் எழுதித்தரும் பவுடர். மாத்திரைகள் கடைசியில்தான், அதுவும் ரத்தப் பரிசோதனை ஒரு குறையைக் காட்டிய பிறகோ, மருந்தே அதைக் கேட்கும்போதோ மட்டும்.

எடை மெஷினே முதல் துணை

எந்த டப்பாவையும் வாங்குவதற்கு முன் ஓர் எடை மெஷின் வாங்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் பல் துலக்கிவிட்டுக் காபிக்கு முன் எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதிவையுங்கள். முயற்சி செய்யாமலேயே ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் மருத்துவர்கள் அதை அபாய அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. "கொஞ்சம் இளைச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்று நாம் தள்ளிவிடும் அளவு அது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். எடை நன்றாகச் சரிந்தால் அளவை மாற்ற வேண்டும். உடம்பு தளர்ந்திருந்தால் அடுத்த கீமோ சுற்றை, அதாவது சைக்கிளை, தள்ளிப்போட வேண்டும். வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு முகத்தின் மேல் வலை போன்ற மாஸ்க் ஒன்றை அச்செடுத்துப் பொருத்துவார்கள். ஆறு ஏழு வாரச் சிகிச்சையின் நடுவில் கன்னமும் கழுத்தும் வற்றினால் அந்த மாஸ்க் தளர்ந்து, குறி விலகும். மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். இளைப்பு அழகுப் பிரச்சினை அல்ல என்பது அங்கேதான் புரியும்.

ஓர் எச்சரிக்கை. காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் எடை குறையாதது போலக் காட்டும். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். வளையலும் மோதிரமும் கழன்று விழுகின்றனவா, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு போகிறது

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல், புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம்.

இப்போது நம் வீட்டு நோயாளியின் தட்டைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்கு இளநீர், மதியம் ரசம் சாதம், மாலையில் பிஸ்கட், இரவில் கஞ்சி அல்லது கொஞ்சம் மோர் சாதம். "ஏதோ சாப்பிடறாங்க" என்று மனம் ஆறும். கூட்டிப் பார்த்தால் புரதம் 20 கிராமைத் தாண்டினாலே பெரிது. இதோடு பத்தியமும் சேர்ந்துகொள்ளும்: முட்டை சூடு, மீன் ஆகாது, பால் சளி, சர்க்கரை புற்றுக்குத் தீனி. கடைசியில் மிஞ்சுவது சாதமும் ரசமும்தான். புற்றுச் செல் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் நாம் சர்க்கரையை நிறுத்தினால் அது பட்டினியாகிவிடாது. உடம்பு தன் தசையை உடைத்தாவது ரத்தத்தில் சர்க்கரையை வைத்திருக்கும். இளைப்பது நோயாளிதான்.

அதே சமையலறையில் 60 கிராமை எட்டுவது எட்டாக்கனி அல்ல. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம். 400 மி.லி. பாலில் 13. நூறு கிராம் மீனில் 20 அளவில். ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேர்க்கடலையில் 7. சைவம் என்றால் பன்னீர், சுண்டல், சோயா உருண்டை, கூடுதலாக ஒரு டம்ளர் பால் என்று ஈடுகட்டலாம். மார்பகப் புற்று உள்ளவர்கள் சோயாவைக் கண்டு பயப்படுகிறார்கள். உணவாகச் சாப்பிடும் சோயாவில் பயமில்லை, சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன் மாத்திரை மட்டும் வேண்டாம்.

நிறையச் சாப்பிட முடியாதவருக்கு, சாப்பிடுவதையே கனமாக்குங்கள். பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கலந்தால் 5 கிராம் புரதம் கூடும். டம்ளரின் அளவு கூடாது. கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு, கொதிக்கும் சூப்பில் அடித்து ஊற்றிய முட்டை வெள்ளை, குழைந்த சாதத்தில் வறுத்த வேர்க்கடலைப் பொடி. ஒவ்வொரு தேக்கரண்டி நெய்க்கும் ஏறத்தாழ 45 கலோரி. மூன்று வேளைக் கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கொரு முறை அரைக் கிண்ணம் கொடுங்கள். வாய்ப்புண் வந்திருந்தால் காரமும் புளியும் நிறுத்தி, ஆறவைத்துக் கொடுங்கள். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி.

சத்துமாவுக் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பு, கேழ்வரகு, சம்பா கோதுமை மட்டும் அரைத்த மாவு பெரும்பாலும் மாவுச்சத்துதான். பெயருக்கு ஏற்ற சத்து வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்காவது பொட்டுக்கடலையும் பாசிப்பயறும் வேர்க்கடலையும் இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்ச வேண்டும்.

பவுடர் எப்போது, எது

தேவையில் பாதியளவுதான் உள்ளே போகிறது, அதுவும் ஒரு வாரத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது என்றால் பவுடருக்கு நேரம் வந்துவிட்டது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் மூன்று வெவ்வேறு சாதி.

முதலாவது, மால்ட் பானங்கள். ருசிக்காகக் குடிக்கலாம், புரதத்துக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் தொழில் அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று சொன்னது நினைவிருக்கலாம். இரண்டாவது, வே போன்ற வெறும் புரதப் பவுடர்கள். புரதம் நிறைய இருக்கும், கலோரி குறைவு. நன்றாகச் சாப்பிட முடிகிறது, புரதம் மட்டும் எட்டவில்லை என்பவருக்கு இது பொருந்தும். மூன்றாவது, மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், வைட்டமின் எல்லாம் அளவாகச் சேர்த்த முழுமை ஊட்டப் பவுடர். சாப்பாடே இறங்காதவருக்கு உண்மையில் உதவுவது இதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதில் தனித்தனி வகைகள் உண்டு. வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும் என்பதால், இதுவரை சர்க்கரை இல்லாதவர்கள்கூடக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. சிஸ்பிளாட்டின் எடுப்பவர்கள் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவை டாக்டரிடம் காட்டாமல் புரதப் பவுடர் தொடங்க வேண்டாம்.

லேபிளில் '100 கிராமில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். 'ஒரு முறைக்கு' என்ற வரிசையைப் பாருங்கள். ஒரு முறைக்கு எத்தனை ஸ்கூப் என்றும் பாருங்கள். சில டப்பாக்களில் அது ஆறு ஸ்கூப்வரை போகும். விலைக்குப் பயந்து ஒரு டம்ளருக்கு ஒரே ஸ்கூப் போட்டுக் கலக்கும் வீடுகள் நிறைய. அதில் நோயாளிக்குப் போவது வாசனைத் தண்ணீர். அந்தக் காசுக்கு முட்டையும் பால் பவுடரும் வாங்கியிருந்தால் இரட்டிப்புப் புரதம் போயிருக்கும்.

டப்பா சொல்வதெல்லாம் உள்ளே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். இந்தியச் சந்தையில் பிரபலமான 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தின் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. மூலிகை கலந்த புரதப் பவுடர்களை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

கலந்த பானத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் இருக்கிற பசியும் போகும். இரண்டு வேளைக்கு நடுவில், மடக்கு மடக்காக, முக்கால் மணி நேரம் எடுத்துக் குடிக்கட்டும். குமட்டினால் குளிரவைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

மாத்திரைகள்: இங்கேதான் ஆபத்து

கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் புற்றுச் செல்லைக் கொல்லும் வழிகளில் ஒன்று, அதற்குள் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குவது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளின் வேலையோ அவற்றை அணைப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. கனடாவின் கியூபெக்கில், தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 400 ஐ.யூ. வைட்டமின் ஈ, தொடக்கத்தில் அதோடு பீட்டா கரோட்டினும். பக்கவிளைவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. சேர்த்துக் கொடுத்தபோது கடுமையான பக்கவிளைவு குறையவும் செய்தது. ஆனால் 2005-ல் வந்த முடிவில், மாத்திரை எடுத்தவர்களிடம் புற்று அதே இடத்தில் திரும்பும் போக்கு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் கீமோ எடுத்த மார்பகப் புற்றுப் பெண்கள் சுமார் 1,100 பேரைத் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியான ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. ஆன்டி ஆக்ஸிடன்ட் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. பி12 எடுத்தவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இது மாத்திரை கொடுத்துச் செய்த சோதனை அல்ல, கேள்வித்தாளை வைத்துப் பார்த்த ஆய்வு. ஆகவே இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் காரணமில்லாமல் விழுங்காதீர்கள் என்று சொல்ல இதுவே போதும். ஆரஞ்சுப் பழமும் நெல்லிக்காயும் சாப்பாட்டில் இருப்பது வேறு, ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை வேறு. பழத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கை கால் மரத்துப்போவதற்குப் பலர் தாமாகவே நரம்பு மாத்திரை வாங்குகிறார்கள். அசிட்டைல் எல்-கார்னிடைன் அந்த மரப்பைத் தடுக்கும் என்று நம்பி, டாக்ஸேன் வகைக் கீமோ எடுத்த 409 பெண்களை வைத்து நடந்த சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்கே மரப்பு கூடியது. பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மரப்பு வந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். கீமோ டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டிய செய்தி அது.

'வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்' என்பவர்களுக்கு ஃபோலிக் அமிலம் ஒன்றே பதில். நுரையீரல் புற்றுக்கு பெமெட்ரெக்ஸெட் கொடுக்கும்போது ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் கட்டாயம். மருந்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும், இல்லையென்றால் பக்கவிளைவு கடுமையாகும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் அதே ஃபோலிக் அமிலத்தைத் தானாக எடுத்தால் மருந்தின் வேலை மட்டுப்படலாம். கேப்சிடபைன் எடுப்பவர் எடுத்தாலோ மருந்தின் நச்சு கூடி, வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் அதிகமாகும். மூன்று பேரும் ஒரே வார்டில் இருக்கலாம். ஆகவே பக்கத்துக் கட்டில்காரருக்கு எழுதிக் கொடுத்தது உங்களுக்குப் பொருந்தாது. மல்ட்டி வைட்டமினிலும் ஃபோலிக் அமிலம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

தேவைப்படும் மாத்திரைகளும் உண்டு. லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் எலும்பைத் தேய்க்கும். சோலெட்ரானிக் ஆசிட் ஊசி ரத்தத்தின் கால்சியத்தை இறக்கும். இவற்றை எடுப்பவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சிகிச்சையின் பகுதி. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். இரைப்பையை முழுதாக எடுத்தவர்களுக்கு பி12 ஆயுள் முழுக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் மக்னீசியத்தை வெளியேற்றும். இரும்புச் சத்தை மட்டும், ஹீமோகுளோபின் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்க வேண்டாம். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்த பிறகே. முடி கொட்டுவதற்கு பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனை முடிவுகளை அது தப்பாகக் காட்டவைக்கும்.

மூலிகை

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் ரசத்தில் போடும் மிளகுக்கும் எந்தத் தடையும் இல்லை. மஞ்சள் கேப்ஸ்யூல் விஷயம் வேறு. குர்குமின் உடம்பில் எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் இருபது மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அன்றிலிருந்து கேப்ஸ்யூல்களில் இரண்டையும் சேர்க்கிறார்கள். அதே பைப்பரின், மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடியது; இத்தகைய கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. சீந்தில், அமுக்கரா ஆகியவற்றைப் பற்றியும் உண்டு. கீமோவையே கல்லீரல் சமாளிக்க வேண்டிய நேரம் இது. கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் அடுத்த சைக்கிள் தள்ளிப்போகும், காரணம் மருந்தா மூலிகையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பச்சைத் தேயிலை கேப்ஸ்யூலில் உள்ள சாரம், போர்டிசோமிப் என்ற புற்று மருந்தை முடக்குவதை ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். இமாடினிப் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்க வேண்டும். அதன் உறவான பம்பளிமாஸையும் ஒதுக்குவது நல்லது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மீன் எண்ணெய், பூண்டு கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ எடுக்கிறீர்கள் என்று மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள்; ரத்தம் உறைவதோடு தொடர்புடையவை. கீமோவுக்குப் பின் இரண்டாவது வாரம் வெள்ளையணுக்கள் மிகக் குறையும் காலம். அப்போது பச்சையாக அரைத்த கோதுமைப்புல், இலைச் சாறு, முளைகட்டிய பயறு, புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் எதுவும் வேண்டாம். தட்டணுக்கள் குறைந்தால் பப்பாளி இலைச் சாற்றை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூலிகையில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்துகள் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தவை. ஆனால் வின்கிறிஸ்டினைப் பெரியவர்களுக்கே ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை, அவ்வளவு கடுமை. இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளப்பது? சித்த மருத்துவம் பார்க்கிறவர்கள் பற்பம், செந்தூரம் ஏதாவது எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். பாதரசம் போன்ற உலோகங்களை வைத்தே முடிக்கும் மருந்துகள் அவற்றில் உண்டு. அதனால் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

புற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டப்படி குற்றம். நியூட்ராசூட்டிகல் என்று விற்கும் டப்பாவை உற்றுப் பாருங்கள்: 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். விற்பவர் வாயால் சொல்வதைவிட அந்த வரி நேர்மையானது.

வீட்டிலும் ஓ.பி.யிலும் எப்படிப் பேசுவது

கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே பலர் விழுங்கிவிடுகிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, இவ்வளவு தூரம் வாங்கிட்டு வந்திருக்கீங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் எதையும் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் கேட்டுட்டு சொல்றேன்." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடிப்பவரிடம் தினம் நான்கு முட்டையோ அரைக் கிலோ மீனோ வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம், "வேற ஒண்ணும் எடுக்கலை டாக்டர்" என்று சொல்லி மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. திட்டுவார் என்ற பயம் புரிகிறது. திட்டினாலும் பரவாயில்லை. ஓ.பி.யில் கிடைப்பது சில நிமிடங்கள். பேரை நினைவுபடுத்திச் சொல்ல நேரம் போதாது. அடுத்த முறை போகும்போது எடை எழுதிய காலண்டர் தாளையும், வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், மாத்திரை அட்டையையும், பொடிப் பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அதுவரை புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் மட்டும் அடுத்த சைக்கிள்வரை காத்திருக்காமல் அன்றே டயட்டீஷியனைக் கூப்பிடுங்கள்.